ராஸ்மஸ் ராஸ்க்: ஒரு சொல்லின் வழித்தடம்

திருக்கடையூரிலிருந்து தென்கிழக்கே கடலோரமாகச் சில கல் தொலைவு சென்றால் தரங்கம்பாடி. 1620 முதல் 1845 வரை அங்கே டென்மார்க்கு நாட்டின் கொடி பறந்தது. டேனியர் என்றதும் நமக்குக் கோட்டையும், சீகன்பால்கு ஐயர் நிறுவிய அச்சுக்கூடமும் நினைவுக்கு வரும். சீகன்பால்கு பிறப்பால் ஜெர்மானியர். டேனிய மன்னர் அனுப்பியதால் வந்தவர். டேனிய மண்ணிலேயே பிறந்து, மொழிநூல் என்னும் துறைக்கு அடித்தளம் இட்டு, இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வந்து சென்ற அறிஞர் ஒருவர் உண்டு. அவர் பெயர் ராஸ்மஸ் ராஸ்க். ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் மொழியியல் பயிலும் மாணவர் எவரும் இப்பெயரைக் கேளாமல் இருக்க முடியாது. நம்மிடையே கால்டுவெல்லை அறிந்த அளவுக்கு இவரை அறிந்தோர் இல்லை. நம் வட்டத்தின் பத்தாண்டு மலரில் இவர் வரலாறு இடம்பெறுவதற்குத் தக்க காரணம் ஒன்று உண்டு. அது போகப்போக விளங்கும்.

டென்மார்க்கின் ஃபூன் தீவில் ஓடென்சே நகருக்கு அருகே பிரெண்டகில்டே என்றொரு சிற்றூர். அங்கே 1787 நவம்பர் 22-இல் எளிய குடியானவர் வீட்டில் ராஸ்க் பிறந்தார். உருவத்தில் சிறியவர், உடல் வலிமை குறைந்தவர். ஓடென்சே இலத்தீன் பள்ளியில் படிக்கையில் ஐஸ்லாந்துப் பெரும்புலவர் ஸ்நோரி இயற்றிய அரசர் வரலாற்று நூல் அவருக்குப் பரிசாகக் கிடைத்தது. பழைய வடமொழி (வடக்கு ஐரோப்பாவின் பழமொழி என்று கொள்க, நம் வழக்கில் வடமொழி வேறு) ஒன்றில் எழுதப்பட்ட நூல் அது. கையில் இலக்கணமும் இல்லை, அகராதியும் இல்லை. மொழிபெயர்ப்போடு மூலத்தை வரிவரியாக ஒப்பிட்டு, சொல்லின் ஈறுகளைத் தனித்தனியே எழுதி அடுக்கி, அம்மொழியின் இலக்கணத்தைத் தாமே வகுத்துக்கொண்டார் அந்தச் சிறுவர். அந்த உழைப்பின் பயனாக 1811-இல், தம் இருபத்து மூன்றாம் வயதில், ஐஸ்லாந்து மொழிக்கு ஓர் இலக்கண நூலை அச்சிட்டார். அப்போது அவர் ஐஸ்லாந்து மண்ணை மிதித்ததே இல்லை.

1813-இல் ஐஸ்லாந்துக்குச் சென்று இரண்டாண்டு தங்கினார். அங்கே அவர் கண்ட காட்சி அவரை வருத்தியது. ரெய்க்யவிக் நகரில் வணிகரும் அலுவலரும் டேனிய மொழியையே பெருமையாகப் பேசினர். ஐஸ்லாந்து மொழியில் டேனியச் சொற்கள் புகுந்து நிறைந்தன. ஒன்றும் செய்யாவிட்டால் நூறாண்டில் அந்நகரில் அம்மொழி அறிந்தவர் இருக்கமாட்டார், இருநூறு ஆண்டில் நாட்டிலேயே அரிதாவர் என்று அவர் கணித்து எழுதினார். ஆளும் நாட்டைச் சேர்ந்த ஒருவர் ஆளப்படும் நாட்டின் மொழிக்காக இப்படிக் கவலைகொண்டது நினைக்கத்தக்கது. கவலையோடு நிற்கவும் இல்லை. நண்பர்களைக் கூட்டி, 1816-இல் ஐஸ்லாந்து இலக்கியக் கழகத்தை நிறுவினார். ரெய்க்யவிக்கிலும் கோபன்ஹேகனிலும் அதற்குக் கிளைகள் இருந்தன. அக்கழகம் இருநூறு ஆண்டு கடந்து இன்றும் நடக்கிறது. 1827-இல் தொடங்கிய அதன் இதழ் இன்றும் வெளிவருகிறது. நூறாண்டில் அழியும் என்று அவர் அஞ்சிய மொழி இன்று ஒரு குடியரசின் ஆட்சிமொழி. பத்தாண்டைக் கடப்பதற்குள் நாம் பட்ட பாட்டை எண்ணிப் பார்க்கும் உறுப்பினர்களுக்கு இருநூறு ஆண்டின் அருமை தெரியும்.

ஐஸ்லாந்திலிருந்தபோதே அவர் தம் வாழ்வின் தலைசிறந்த நூலை எழுதி முடித்தார். டேனிய அறிவியல் கழகம் 1811-இல் ஒரு பரிசுப் போட்டி அறிவித்திருந்தது. பழைய நோர்டிக் மொழி எம்மூலத்திலிருந்து பிறந்தது என்பதே வினா. ராஸ்க் 1814-இல் தம் விடையை அனுப்பினார், பரிசு பெற்றார், நூல் 1818-இல் அச்சேறியது. அதன் முறையை நாம் சற்று நின்று பார்க்க வேண்டும்.

இரு மொழிகள் உறவுடையனவா என்று அறியச் சொற்களை மட்டும் பார்ப்பது போதாது என்றார் ராஸ்க். சொற்கள் வணிகரோடும் படையோடும் சமயத்தோடும் ஊர்விட்டு ஊர் செல்லும். வேற்றுமை உருபும் வினையீறும் அவ்வாறு செல்வதில்லை. ஆதலால் இலக்கண அமைப்பு ஒத்திருப்பதே உறவுக்கு முதன்மைச் சான்று. அதற்கு அடுத்தபடி, வாழ்வுக்கு இன்றியமையாத அடிப்படைச் சொற்களில் எழுத்து மாற்றங்கள் ஓர் ஒழுங்குக்கு உட்பட்டுத் திரும்பத் திரும்ப வருமானால், அவ்விரு மொழிகளும் ஒரு தாய்வயிற்றுப் பிள்ளைகள். தமிழில் வடசொல் எத்தனை கலந்திருந்தாலும் தமிழ் வடமொழியின் மகள் ஆகாது என்று நாம் இன்று சொல்வதும் இதே அளவுகோலைக் கொண்டுதான்.

இந்த அளவுகோலைக் கொண்டு அவர் கிரேக்கத்தையும் இலத்தீனையும் ஒருபுறமும், ஐஸ்லாந்து முதலிய ஜெர்மானிய மொழிகளை மறுபுறமும் வைத்தார். அங்கே சொல் முதலில் பகரம் இருந்தால் இங்கே ஃபகரம் இருந்தது. அங்கே ககரம் என்றால் இங்கே ஹகரம். தந்தையைக் குறிக்கும் இலத்தீன் 'பாத்தெர்' வடக்கே 'ஃபாதிர்' ஆயிற்று; கொம்பைக் குறிக்கும் 'கொர்னு' 'ஹோர்ன்' ஆயிற்று. இங்ஙனம் வரிசை வரிசையாக மெய்யெழுத்துகள் இடம்பெயர்ந்திருப்பதை அவர் காட்டினார். இது தற்செயலாக ஒலித்த ஒற்றுமை அன்று, விதிக்கு உட்பட்ட மாற்றம். அதுவரை சொல்லாராய்ச்சி என்பது ஒலி ஒத்தால் உறவு கற்பிக்கும் விளையாட்டாகவே பெரிதும் இருந்தது. அந்த விளையாட்டு இன்றும் நம் நாட்டில் முற்றிலும் ஓய்ந்துவிடவில்லை என்பதை வருத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது.

விதி ஒன்று கிடைத்துவிட்டால், ஏட்டில் இல்லாத சொல்லையும் மீட்டுவிடலாம். பிள்ளைகளின் முகத்தைக் கொண்டு காணாத தாயின் முகத்தை வரைவது போன்ற வேலை இது. அவ்வாறு மீட்ட சொல்லுக்கு முன்னே மொழிநூலார் ஓர் உடுக்குறி இடுவர். கண்ணால் கண்டதன்று, கணித்துப் பெற்றது என்பதே அதன் பொருள். இக்குறி ராஸ்க் மறைந்தபின் வழக்கத்துக்கு வந்தது. ஆயினும் அதற்கு வழி திறந்தவர் அவர்.

அப்படி மீட்ட தொல்ஜெர்மானியச் சொற்களில் ஒன்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்வோம். 'ஃபெஹு' என்பது அச்சொல். கால்நடை என்பதும் செல்வம் என்பதும் அதன் பொருள். மேற்சொன்ன விதிப்படி ஃபகரத்தைப் பகரமாகவும் ஹகரத்தைக் ககரமாகவும் பின்னோக்கி மாற்றினால் இலத்தீனின் 'பெக்கு' நிற்கிறது. அதற்கும் பொருள் கால்நடைதான். அதிலிருந்தே பணத்தைக் குறிக்கும் 'பெக்கூனியா' பிறந்தது. அந்த 'பெக்கு'வுக்கு உடன்பிறப்பு சமஸ்கிருதத்தின் 'பசு'. வேதகாலத்தில் அச்சொல் ஆடு, மாடு, குதிரை அனைத்துக்கும் பொதுவாக வழங்கியது. தமிழுக்கு வந்தபின் ஆவினத்துக்கே உரியதாகச் சுருங்கிவிட்டது. திருக்களிற்றுப்படியார் அருளிய உய்யவந்த தேவர் வாழ்ந்த இவ்வூரில், அதே சொல் பதியோடும் பாசத்தோடும் சேர்ந்து உயிரைக் குறித்து நிற்பதை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

'ஃபெஹு'வின் பிள்ளைகள் பல திசையில் வாழ்ந்தன. நான்காம் நூற்றாண்டில் வுல்ஃபிலா என்னும் ஆயர் கோத்து மொழியில் விவிலியத்தைப் பெயர்த்தபோது, பணத்துக்கும் உடைமைக்கும் இச்சொல்லின் கோத்து வடிவத்தையே ஆண்டார். ஜெர்மன் மொழியில் 'ஃபீ' என்றால் இன்று மாடு, கால்நடை. டேனிய மொழியில் 'ஃபே' என்பது கால்நடையையும் மூடனையும் சேர்த்துக் குறிக்கும். நாம் ஒருவரை மாடே என்று ஏசுவதை நினைத்துக்கொள்ளலாம். ஐஸ்லாந்தில் 'ஃபியே' ஆட்டையும் குறிக்கும், பணத்தையும் குறிக்கும். பழைய ரூன் எழுத்து வரிசையில் முதலெழுத்துக்கே இச்சொல்தான் பெயர். ஆங்கிலத்தின் 'ஃபீ' சற்றுச் சுற்றி வந்தது. பிராங்கியர் சொல்லாகப் பிரெஞ்சுக்குள் புகுந்து, ஊழியத்துக்கு ஈடாகப் பிரபு அளிக்கும் நிலத்தைக் குறித்து, பிறகு இங்கிலாந்து சென்று கட்டணம் ஆயிற்று என்பது அறிஞருள் பெரும்பாலோர் கொள்கை. 'ஃபியூடல்' என்ற சொல்லையும் அவர்கள் இக்குடியிலேயே சேர்ப்பர். மாட்டில் தொடங்கிய சொல் மிராசுவரை வந்து சேர்ந்திருக்கிறது. பள்ளிக்குப் 'பீஸ்' கட்டப் பசுவை விற்ற குடியானவர் இந்தக் காவிரிக் கரையில் எத்தனையோ பேர். அவர்கள் விற்றதும் கட்டியதும் ஐயாயிரம் ஆண்டுக்கு முன் ஒரே சொல்லாக இருந்தன என்று அவர்களுக்கு எவர் சொல்லியிருக்க முடியும்?

தமிழ் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததன்று. ஆயினும் சொற்பொருள் சென்ற வழி தமிழிலும் இதுவே. 'மாடு' என்பதற்குச் செல்வம் என்ற பொருளும் உண்டு. வள்ளுவர் கல்வி அதிகாரத்தின் கடைசிக் குறளில் அப்பொருளிலேயே அதை ஆள்கிறார். கால்நடை முதலில், செல்வம் பின்னர் என்றுதான் நமக்குத் தோன்றும். பிரெஞ்சு அறிஞர் பென்வெனிஸ்து 1969-இல் இதை மறுத்தார். இந்தோ-ஐரோப்பியச் சொல் முதலில் பெயர்த்துச் செல்லத்தக்க உடைமை அனைத்தையும் குறித்தது, பிறகே கால்நடைக்குச் சுருங்கியது என்பது அவர் வாதம். எல்லாரும் அதை ஏற்கவில்லை. தமிழ் 'மாடு' எத்திசையில் நடந்தது என்பதை நம் அகராதியாளர்கள் பழந்தமிழ் ஆட்சிகளை வரிசைப்படுத்தி ஆராய்ந்தால் இவ்வாதத்துக்கே ஒரு துணை கிடைக்கும் என்பது என் எண்ணம்.

இனி, தொடக்கத்தில் சொன்ன காரணத்துக்கு வருவோம். ஐஸ்லாந்து மொழியில் 'ஃபியே'யோடு, இடுதல் என்னும் பொருளுடைய 'லாக்' சேர்ந்து 'ஃபியேலாக்' என்றாகும். பலர் தத்தம் உடைமையை ஒன்றாக இடுதல் என்பது மூலப்பொருள். அப்படி இட்டவன் 'ஃபியேலாகி', கூட்டாளி. பங்கு உடையவன் பங்காளி என்று நாம் சொல்வதற்கு இது நேர். அச்சொல் வைக்கிங் கடலோடிகளோடு இங்கிலாந்து சென்று ஆங்கிலத்தின் 'ஃபெல்லோ' ஆயிற்று. ஐஸ்லாந்திலோ 'ஃபியேலாக்' என்பது சங்கம், கழகம், வட்டம் அனைத்துக்கும் பொதுச்சொல். ராஸ்க் 1816-இல் நிறுவிய இலக்கியக் கழகத்தின் பெயரிலும் அச்சொல்லே நிற்கிறது. ஆகவே இலக்கிய வட்டம் என்பது அம்மொழியில், சொல்லளவிலேனும், மாடுகளை ஓரிடத்தில் சேர்த்துக் கட்டியது. சந்தா பாக்கி வைத்திருக்கும் அன்பர்கள் இதைத் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ராஸ்க் வாழ்வுக்குத் திரும்புவோம். 1816 இறுதியில் அவர் கோபன்ஹேகனை விட்டுப் புறப்பட்டார். சுவீடனில் தங்கி 1817-இல் பழைய ஆங்கிலத்துக்கு இலக்கணம் எழுதி வெளியிட்டார். எட்டா நூல்களைப் பதிப்பித்தார். பின்லாந்து கடந்து பீட்டர்ஸ்பர்க் சென்றார். மாஸ்கோ, அஸ்திரகான், தீப்ளிஸ், பாரசீகம் என நகர்ந்து, அங்கிருந்து கடல்வழியாக 1820-இல் பம்பாய் வந்து சேர்ந்தார். செல்லும் இடமெல்லாம் மொழிகளைக் கற்றார். இருபத்தைந்து மொழிகளில் தேர்ச்சி உடையவர் என்று அவரைப் பற்றிச் சொல்வர். பம்பாயில் பார்சிப் பெரியோரிடம் அவெஸ்தா மொழிச் சுவடிகளைத் தேடிப் பெற்றார். பின்னர் வட இந்தியாவைக் கடந்து, சென்னைக்கும் அங்கிருந்து இலங்கைக்கும் சென்றார்.

சென்னைக்கு அவர் வந்த காலத்தை ஒரு செய்தியோடு சேர்த்து நினைக்க வேண்டும். தமிழ், தெலுங்கு, கன்னடம் முதலியன ஒரு தனிக்குடும்பம் என்று 1816-இலேயே அச்சில் நிறுவியவர் சென்னை ஆட்சியாளருள் ஒருவராகிய எல்லிஸ். அவர் 1819-இல் இராமநாதபுரத்தில் இறந்துபோனார். ராஸ்க் வந்தபோது அவர் இல்லை. ஒருவர் ஜெர்மானியக் குடும்பத்தை வகுத்தவர். மற்றவர் திராவிடக் குடும்பத்தை வகுத்தவர். இருவரும் ஒரு மேசைக்கு எதிரெதிரே அமர்ந்திருந்தால் மொழிநூலின் வரலாறு வேறு விதமாகப் போயிருக்கலாம். இரண்டாண்டு இடைவெளி அதைத் தடுத்துவிட்டது.

தென்னிந்திய மொழிகள் சமஸ்கிருதத்தினின்று வேறானவை என்பதை ராஸ்கும் உணர்ந்தார். அவற்றைச் சிதிய மொழிகள் என்று அக்காலத்தார் வழங்கிய வட ஆசிய இனத்தோடு சேர்க்கலாம் என்ற கருத்தை முதலில் எழுப்பியவர் அவரே என்பதைக் கால்டுவெல் தம் ஒப்பிலக்கணத்தில் ஒப்புக்கொள்கிறார். அந்த உறவு இன்றுவரை நிறுவப்படவில்லை. பெரும்பாலோர் அதை ஏற்பதுமில்லை. ஆயினும் கால்டுவெல்லின் பெருநூலில் நாம் காணும் ஒரு முழு வாதம், ஒரு டேனியக் குடியானவர் மகனிடமிருந்து தொடங்கியது என்பது தமிழர் அறிய வேண்டிய செய்தி.

இப்பயணம் அவரை உடைத்துவிட்டது. கையில் பணமில்லை, வெப்பம் தாங்கவில்லை, நெஞ்சு நோய் உள்ளே பற்றியிருந்தது. எல்லாவற்றினும் கொடியது மனத்தின் நலிவு. தம்மை எவரோ பின்தொடர்கின்றனர், சூழ்ச்சி செய்கின்றனர் என்ற அச்சம் இந்தியாவில் இருந்தபோது அவரைப் பிடித்தது. ஊர் திரும்பிய பின்னும் முழுதும் விடவில்லை. இவற்றுக்கு இடையிலும் அவர் வேலை நிற்கவில்லை. இலங்கையில் பாலியும் சிங்களமும் கற்றார். சிங்கள எழுத்துமுறை பற்றி டேனிய மொழியில் ஒரு சிறு நூல் எழுதி 1821-இல் கொழும்பிலேயே அச்சிட்டார். கொழும்பில் அந்நூலைப் படிக்கக்கூடியவர் எத்தனை பேர் இருந்திருப்பர்! அதை அவர் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. ஓலைச்சுவடிகளைத் தேடித் தேடிச் சேர்த்தார்.

1823 மே மாதம் கோபன்ஹேகன் திரும்பினார். அதற்குள் புகழ் வேறொருவர் வீட்டில் குடியேறிவிட்டது. ஜெர்மானியக் கதைகளைத் தொகுத்த சகோதரர் இருவருள் மூத்தவராகிய யாகோப் கிரிம், 1819-இல் தம் ஜெர்மன் இலக்கணத்தின் முதற்பாகத்தை வெளியிட்டார். அதில் மெய்யெழுத்து மாற்ற விதி இல்லை. ராஸ்கின் நூலைப் படித்தபின் அப்பாகத்தையே புதிதாக எழுதி 1822-இல் மறுபதிப்பாக வெளியிட்டார். அதில் விதி முழு உருவோடு நின்றது. உலகம் அதைக் கிரிம் விதி என்று அழைத்தது; இன்றும் அவ்வாறே அழைக்கிறது.

கிரிம் களவாடினார் என்று சொல்வது அடாது. அவர் ராஸ்கைப் பெயர் சுட்டிப் பாராட்டியவர். மாற்றங்களை ஒரு வட்டமாக வகுத்ததும், தென் ஜெர்மனியில் நிகழ்ந்த இரண்டாம் மாற்றத்தை அதனோடு இணைத்ததும் அவர் செய்த பணி. ஆயினும் முதலில் கண்டவர் எவர் என்பதில் ஐயமில்லை. ராஸ்க் தம் நூலை டேனிய மொழியில் எழுதினார். ஐரோப்பாவின் அறிஞருள் அதைப் படிக்கக்கூடியவர் மிகச் சிலர். ஜெர்மன் மொழியில் வெளிவந்ததும் ஒரு பகுதிதான். தாய்மொழியில் எழுதிய குற்றத்துக்கு அவர் கொடுத்த விலை அது. அவர் இலத்தீனிலோ ஜெர்மனிலோ எழுதியிருக்க வேண்டும் என்று அறிவுரை கூறுவது எளிது. எந்த மொழியும் ஆராய்ச்சிக்கு உரியது என்று வாழ்நாள் முழுதும் சொன்ன ஒருவர் தம் மொழியை மட்டும் விலக்கியிருந்தால் அது என்ன நேர்மை? தமிழில் ஆய்வு எழுதுவோர் இந்த இடத்தில் தத்தம் மனத்தைத் தொட்டுப் பார்த்துக்கொள்ளலாம். ராஸ்கும் இதைப் புன்முறுவலோடு ஏற்றவர் அல்லர். கிரிமின் நூலைக் கடுமையாகத் தாக்கி எழுதினார். அத்தாக்குதலில் நியாயத்தோடு கசப்பும் கலந்திருந்தது.

கசப்புக்குக் காரணமும் இருந்தது. இத்தனை மொழி அறிந்தவருக்குத் தம் நாட்டில் தகுந்த இடம் கிடைக்கவில்லை. 1825-இல் இலக்கிய வரலாற்றுப் பேராசிரியர் என்ற பெயர் கிடைத்தது. 1829-இல் பல்கலைக்கழக நூலகர் ஆனார். அவர் விரும்பிய கீழைமொழிப் பேராசிரியர் பதவி 1831-இல்தான் வந்தது. அவ்விடைக்காலத்தில் ஸ்பானியம், பிரிசியம், இத்தாலியம் ஆகிய மொழிகளுக்கு இலக்கணம் எழுதினார்; அவெஸ்தா மொழியின் தொன்மையையும் உண்மையையும் நிறுவி 1826-இல் நூல் வெளியிட்டார்.

அதே 1826-இல் டேனிய எழுத்துச் சீர்திருத்தம் பற்றியும் ஒரு நூல் எழுதினார். பேச்சில் உள்ள ஒலிக்கு ஏற்ப எழுத்து இருக்க வேண்டும்; இரட்டை அகரத்துக்குப் பதிலாக மேலே சிறு வளையம் இட்ட ஒற்றை எழுத்துப் போதும்; பெயர்ச்சொல்லின் முதலெழுத்தைப் பெரிதாக எழுதுவது வீண் என்றார். தம் நூல்களைத் தம் முறைப்படியே அச்சிட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். தம் குடும்பப் பெயரின் எழுத்துக்கூட்டையும் அதற்கு முன்னரே மாற்றிக்கொண்டவர் அவர். இப்பிடிவாதத்தால் நண்பர் பலர் விலகினர். ஓர் எழுத்தை மாற்றினால் எத்தனை பகை வரும் என்பதைத் தமிழ்நாட்டார்க்கு விளக்க வேண்டியதில்லை. பெரியார் 1930-களில் தம் இதழில் ஆண்ட எழுத்துச் சீர்திருத்தத்தில் ஒரு பகுதி அரசாணை ஆவதற்கு 1978 வரை ஆயிற்று. ராஸ்க் இன்னும் நெடுங்காலம் காத்திருந்தார். அவர் கேட்ட அவ்விரு மாற்றங்களையும் டென்மார்க்கு அரசு 1948-இல் ஏற்றது.

கீழைமொழிப் பேராசிரியராக அவர் இருந்தது ஏறத்தாழ ஓராண்டுதான். பயணத்தில் முற்றிய காசநோய் 1832 நவம்பர் 14-இல் அவர் உயிரைக் கொண்டுபோயிற்று. நாற்பத்தைந்து வயது நிறைய எட்டு நாள் இருந்தது. கோபன்ஹேகனில் அசிஸ்டென்ஸ் இடுகாட்டில் அடக்கம் செய்தனர். அவர் விதிக்கு விலக்காக நின்ற சொற்களைப் பிறிதொரு டேனியராகிய கார்ல் வெர்னர் 1875-இல் சொல்லழுத்தத்தைக் கொண்டு விளக்கினார். விலக்கு என்று எண்ணியதும் ஒரு விதியே என்று தெரிந்தது.

இலங்கையிலிருந்து அவர் சுமந்துசென்ற பாலிச் சுவடிகள் கோபன்ஹேகன் நூலகத்தில் கிடந்தன. அவர் இறந்து இருபத்து மூன்று ஆண்டுக்குப் பின், 1855-இல், ஃபவுஸ்பெல் என்னும் இளம் அறிஞர் அவற்றைக் கொண்டு தம்மபதத்தை இலத்தீன் மொழிபெயர்ப்போடு பதிப்பித்தார். ஐரோப்பாவில் தம்மபதம் முதன்முதலாக அச்சேறியது அந்த ஓலைகளிலிருந்துதான்.